கொடியைப் பார்த்து ஆளெண்ணும் மலரக்கா

வாசல் படலையடிக்கு வந்ததும் மலரக்கா யாரையும் கூப்பிடுவதில்லை. சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு, இடது காலில் பாரத்தைப் போட்டு நின்று, வேலிக்கு மேலால் முதலில் உடுப்புக் கொடியைத்தான் பார்க்கிறார். சேலை ஒன்று, சாரம் ஒன்று, பள்ளிக்கூடச் சட்டை இரண்டு, குழந்தைத் துணி ஒரு வரிசை. உதடு மெல்ல அசைகிறது. எண்ணி முடித்த பிறகுதான் "வீட்டுக்காரர்!" என்று குரல் வரும். வெளியே வரும் பெண்ணிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க மாட்டார். "பிள்ளை, இண்டைக்கு எத்தினை பேருக்கு அரிசி போட்டனீங்கள்?" என்பார்.

இந்தக் கேள்விக்கு அவரே விளக்கமும் சொல்வார். "ஆள் எத்தினை எண்டு கேட்டா யோசிச்சுப்போட்டுச் சொல்லுவினம், தம்பி. அரிசி எண்டு கேட்டா யோசிக்க மாட்டினம். ஆறு பேருக்கெண்டு வாயில வந்திடும். பிறகு அஞ்சு பேரைத்தான் கண்ணில காட்டுவினம். அந்த ஆறாவது ஆளைப் பாக்கத்தானே நான் வாறன்."

போன வருடம் வரை எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு உலை வைத்தோம். அம்மா, நான், மனைவி, மகள், தங்கை கமலேஸ்வரி, தம்பி சோமசேகரம். மலரக்காவிடம் ஐந்து பேர் என்று சொன்னவன் நான். நம்மூரில் சத்தமில்லாமல் நல்லது செய்கிற ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டபோது, மலரக்காவைப் பற்றி ஏழு பக்கம் எழுதினேன். அதில் நான் எங்குமே இல்லை. வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பெயர் இராசமலர். வயது நாற்பத்து மூன்று. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. அந்தக் காலில் தொடை வரைக்கும் இரும்புச் சட்டம், அடியில் கனத்த சப்பாத்து. சைக்கிளின் வலது பக்கத்து மிதியைக் கழற்றிவிட்டு, அந்தக் கால் தங்குவதற்கு ஒரு சிறு தட்டை ஒட்டவைத்திருக்கிறார். ஒற்றைக் காலால் மிதித்து அன்புவழிபுரத்திலிருந்து லிங்கநகர் வரை போய் வருவார். எதிர்காற்று அடித்தால் இறங்கி உருட்டுவார். அவசரம் என்று ஒன்று அவருக்கு இருந்ததை நான் பார்த்ததில்லை.

வேலை, தொண்டர் வேலை. சொட்டு மருந்து நாட்களில் மருத்துவிச்சியோடு வீடு வீடாகப் போவார். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு அவர் 'சொட்டு மிஸ்'. மற்ற நாட்களில் தானாகவே போவார். எழும்ப ஏலாதவர்கள், காது கேளாதவர்கள், வலிப்பு வருகிறவர்கள், ஊர் வாயில் வைத்துப் பேச விரும்பாதவர்கள், இவர்கள் எந்த வீட்டில் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். போய்ப் பார்ப்பார், பக்கத்தில் உட்கார்வார், அவர்களோடு கதைப்பார். வீட்டாரோடு கதைப்பது அதற்குப் பிறகுதான்.

சோதனைச் சாவடியில் அவருடைய இரும்புச் சட்டம் ஒவ்வொரு நாளும் ஒரு பிரச்சினை. சேலைக்குள் இரும்பு இருந்தால் எந்தச் சிப்பாய்தான் சும்மா விடுவான்? மறைப்புக்குப் பின்னால் போய்ப் பெண் பொலிசிடம் காலைக் காட்டிவிட்டு வருவார். வந்ததும் சும்மா போக மாட்டார். சிப்பாயிடம், "மாத்தயா, உங்கட பிள்ளைக்குச் சொட்டு மருந்து குடுத்ததோ?" என்று அரைகுறைச் சிங்களத்தில் கேட்பார். ஒருநாள் ஒருவன் இல்லை என்று தலையாட்டிவிட்டான். அவ்வளவுதான், வீட்டுக்குக் கடிதம் எழுதும்படி அவனை நிற்க வைத்துப் புத்தி சொன்னார். பின்னால் நாங்கள் முப்பது பேர் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் காய்ந்தோம்.

கூட்டம் வைத்துப் பேசுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்கிற நாள்தான் அவருடைய கூட்ட நாள். "இஞ்ச ஒருத்தரும் எழும்பிப் போக மாட்டினம். போனா இடம் போயிடுமெல்லோ." வரிசையோரமாக நடந்து நடந்து சொல்வார். "படுக்கையில கிடக்கிற ஆளை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டி விடுங்கோ. ஒரு பக்கமாக் கிடந்தாப் பூசணிக்காயே அழுகுது, மனுசத் தோல் தாங்குமோ?" சனம் சிரிக்கும். சிரித்தவர்களில் இரண்டு பேர் மறுநாள் அவரைத் தேடி வருவார்கள். ஜமாலியாவில் நபீஸாவின் மகளுக்குக் காது கேட்காது. "மிஸ் வாறத்துக்கு முந்தி என்ட புள்ளைய ஒரு கலியாண ஊட்டுக்கும் கூட்டிப் போனதில்ல. இப்ப நான் நிண்டுட்டாலும் அவ போறா" என்று நபீஸா என்னிடம் சொன்னபோது, அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கட்டுரைக்காக நான் நாலைந்து சனிக்கிழமைகள் மலரக்காவோடு திரிந்தேன். லிங்கநகரில் அன்னலட்சுமி என்ற அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இளையவள் புத்தி வளர்ச்சி குறைந்தவள். அவளைச் சாமான் அறையில் வைத்திருந்தார்கள். "அவள் ஆக்களுக்கு முன்னால வரமாட்டாள்" என்றார் அன்னலட்சுமி. "வரமாட்டாளோ, விடமாட்டியளோ?" என்று மலரக்கா கேட்டார். அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். "வந்து பாத்திட்டுப் போயிடுவினம் மிஸ். ரத்தத்திலயே இருக்கெண்டு சொல்லுவினம். மூத்தவளின்ர வாழ்க்கையும் போயிடும்." மலரக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு, "முதல்ல அவளை வெளிவிறாந்தையில கதிரை போட்டு இருத்துங்கோ. வேற ஒண்டும் இப்ப வேண்டாம். காத்துப் படட்டும்" என்றார்.

நான் குறிப்புப் புத்தகத்தில் 'அறியாமை' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூசுகிறது. அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சோமு வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். கமலேஸ்வரிக்கும் அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்.

சோமு என் ஒரே தம்பி. பிறந்தவுடன் அழவில்லை, நீலமாகிப் போனான் என்று அம்மா சொல்வார். கையும் காலும் முறுக்கிக்கொண்டு நிற்கும், கழுத்து நிமிராது, பேச்சு குழறும். மூளையில் ஒரு குறையும் இல்லை. வானொலியில் செய்தி தொடங்கும் முன்பே நேரம் சொல்வான் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் பேசுவது எனக்கு விளங்காது. இருபத்தாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் விளங்காது.

இனிப் பட்டியலின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒவ்வொரு வீடும், அங்கே இருக்கிற ஆட்களின் பெயர்களை எழுதிப் பொலிசில் பதிந்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். நான் சீனன்குடாவில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். சிங்களம் எழுதுவேன். ஆகவே எங்கள் ஒழுங்கைத் தெருவில் பாதி வீட்டுக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பெயர், வயது, தொழில், அடையாள அட்டை இலக்கம். ஒரு வீட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "எங்கட பெரியவன் ஒரு மாதிரி. வெளிக்கிடுறதில்லை. அவனையும் போட வேணுமோ?" தொழிலும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, இளந்தாரி. போட்டால் நூறு கேள்வி வரும். "வெளியில போகாத ஆளுக்கு ஏன் பேர்? விடுங்கோ" என்றேன். நல்ல புத்தி சொன்னதாக நினைத்தேன். மற்ற வீட்டாரும் அதையே கேட்டு அப்படியே செய்தார்கள். என் வீட்டுப் படிவத்திலும் ஐந்து பெயர்தான் எழுதினேன்.

மலரக்கா இதைக் கண்டுபிடித்துக்கொண்டு ஒரு மாலை என்னிடம் வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"தம்பி, எங்கட ஒழுங்கைப் பக்கத்தில மட்டும் பதினொரு பேருக்கு ஒரு பட்டியலிலயும் பேரில்லை. ஆமிக்காரர் சுத்திவளைச்சு வீட்டுக்குள்ள பூந்தாங்களெண்டா, இது ஆர் எண்டு கேப்பாங்கள். அவங்களால ஓட ஏலாது, சில பேருக்கு வாய் திறந்து சொல்லவும் ஏலாது. என்ன நடக்குமெண்டு நினைக்கிறியள்?"

"பாப்பம் அக்கா."

"பாக்கிறதில்லைத் தம்பி. எழுதித் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். பதினோராவது ஆள் யாரென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆவணி முடிய வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது முடியட்டும், பிறகு சேர்ப்போம் என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒலிபெருக்கி கேட்டது. எல்லோரும் பட்டியலோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும், வீட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. அம்மா சோமுவோடு நிற்கிறேன் என்றார். நான் விடவில்லை. பட்டியலில் ஐந்து பேர், ஐந்து பேரும் அங்கே நிற்க வேண்டும் என்று அம்மாவை அதட்டினேன். சோமுவின் பக்கத்தில் தண்ணீரை வைத்து, வானொலியை நிறுத்தி, "சத்தம் போடாதை" என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டித் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். நான் அவனிடம் நேரே பேசி எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

மைதானத்தில் ஒவ்வொரு குடும்பமாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். பட்டியலில் சேர்த்த பத்துப் பேரையும் கதிரையிலும் தள்ளுவண்டியிலும் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மலரக்கா தனி ஆள். அவருடைய பட்டியலில் ஒரு பெயர்தான். எங்களுக்கு முன் வரிசையில் நின்றவர், திரும்பிப் பார்த்து எண்ணினார்.

"சோமு எங்க?"

அவன் பெயரை நான் அவருக்குச் சொன்னதில்லை. நான் கந்தோருக்குப் போகிற நேரங்களில் மாதக்கணக்காக அவர் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"வீட்டில" என்றேன்.

"தனியவோ?"

அம்மா, "பூட்டிப்போட்டு வந்திட்டான் பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் எங்கள் ஒழுங்கைப் பக்கமிருந்து கதவுகளை உதைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பூட்டிய வெறும் வீட்டுக்குள், பூட்டிய ஓர் அறைக்குள், பெயரில்லாத ஓர் இளந்தாரி இருந்தால் அவனை யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? எனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்தும் நான் வரிசையை விடவில்லை. பொய்ப் பட்டியல் எழுதினவன் என்று என்னையும் பிடித்தால் என்ன செய்வது, கமலேஸ்வரியின் காரியம் என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மலரக்கா வரிசையை விட்டு வெளியே வந்தார். வரிசை கலையக் கூடாது என்று ஒரு சிப்பாய் சத்தம் போட்டான். அவர் கைகளை உயர்த்திக்கொண்டு, சட்டம் போட்ட காலை இழுத்து இழுத்து, மேசையில் இருந்த அதிகாரியிடம் போனார். ஒரு வீட்டில் நடக்க ஏலாத ஒருவன் இருக்கிறான், பட்டியலில் விட்டுப்போச்சு, சுட்டுப்போடாதேங்கோ என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். யார் அவன், உனக்கு என்ன முறை என்று அதிகாரி கேட்டார்.

"மகே மல்லி" என்றார் மலரக்கா.

என் தம்பி. மைதானத்தில் நின்ற தமிழர்களில் அந்தச் சிங்களம் என்னைவிட நன்றாக விளங்கியவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அதிகாரி அவருடைய காலைப் பார்த்தார். அக்காவுக்கு அப்படி, தம்பிக்கும் அப்படியாக்கும் என்று நம்பிவிட்டார் போலும். நீ வேலைக்குப் போகிறபோது அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாயா என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டிக்கொண்டார். இரண்டு சிப்பாய்களைக் கூடப் போகச் சொன்னார்.

எங்கள் வரிசையைத் தாண்டும்போது மலரக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே கையை மட்டும் பின்னுக்கு நீட்டினார். நான் அந்தக் கைக்குள் திறப்பை வைத்தேன்.

கால் மணித்தியாலத்தில் சோமுவைக் குசினிக் கதிரையில் இருத்தி இரண்டு சிப்பாய்களும் தூக்கி வந்தார்கள். முழு அன்புவழிபுரமும் பார்த்தது. சோமு குழறி ஏதோ கேட்டான். மலரக்கா சிரித்தார். "தூக்கிக்கொண்டு வாறவைக்குக் கை நோகுதோ எண்டு கேக்கிறான்" என்று சொல்லி, அதைச் சிங்களத்திலும் சொல்ல, அந்தப் பெடியன்களும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி மலரக்காவின் படிவத்தை வாங்கித் தன் பேனையாலேயே இரண்டாவது பெயரை எழுதினார்: சோமசேகரம், தம்பி.

எழுதினால் எழுதினதுதான். அடுத்த சோதனையில் அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் ஐந்து பேர். அன்று பின்னேரமே சோமு மலரக்கா வீட்டுக்குப் போனான். அம்மா ஒவ்வொரு நாளும் போய் வந்தார். நான் பொலிசுக்குப் போய், முதல் கொடுத்த விபரம் பொய், அவன் என் தம்பி என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் பெயரை மாற்றலாம். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

ஏழு மாதமும் சோமு அங்கே படலையடியில் கதிரை போட்டு இருந்தான். போகிற வருகிற பிள்ளைகள் அவனிடம் நேரம் கேட்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அந்த வழியாகத்தான் அவர்களைக் கூட்டி வந்தேன். மாப்பிள்ளையின் தாயார் நின்று பார்த்து, "ஆர் இந்தத் தம்பி? நல்ல முகம்" என்று கேட்டார். "மலரக்காவின்ர தம்பி" என்றேன். சோமுவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சம்பந்தம் ஒப்பேறியது. கலியாணத்துக்கு மலரக்கா வந்தார், சாப்பிட்டார், வாழ்த்தினார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு, அவரிடம் காட்டக் கொண்டுபோனேன். மத்தியானம். மலரக்கா படலையடியில் சிறு வாங்கு போட்டு உட்கார்ந்து சோமுவுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். அதை வாங்கி, மடித்தபடியே சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சோற்றுக் கோப்பையை என் கையில் தந்தார்.

"கூட்டிக்கொண்டு போறதெண்டா இதைப் பழக வேணும். தலையைப் பின்னால சாய்ச்சுக் குடுக்கக் கூடாது, புரைக்கேறும். நிமிர்த்தி வச்சு நாடியைத் தாங்குங்கோ. அவன் விழுங்கினாப் பிறகுதான் அடுத்த வாய்."

என் இடது கையைப் பிடித்துச் சோமுவின் நாடிக்குக் கீழே வைத்தார். தாடி முள்ளாய்க் குத்தியது. அம்மா சவரம் செய்துவிடுவார் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்குத் தெரியாது. கரண்டியில் சோற்றை எடுத்து நீட்டினேன். சோமு வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கண் மலரக்காவிடமே இருந்தது. வீதியால் போன இரண்டு பெண்கள் நடையை மெதுவாக்கினார்கள். என் முகம் எரிந்தது.

"எனக்கு ஏலாது அக்கா" என்று கோப்பையை அவரிடம் திரும்ப நீட்டினேன்.

மலரக்கா அதை வாங்கவில்லை. வேலிக் கட்டையைப் பிடித்து எழும்பி, முழங்காலடியில் இரும்பைப் பூட்டி நேராக்கி, எங்கள் இருவரையும் படலையடியில் விட்டுவிட்டு உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்.